கடையில்லா வாணிபமும் சட்டத்தின் வரலாறும்

விற்போனும் வாங்குவோனும் ஓரிடத்தில் நேர்நின்று, பண்டத்தைக் கையிலெடுத்துப் பார்த்து, விலை பேசி, பணங் கொடுத்துப் பெற்றுக்கொள்வதே வாணிபத்தின் பழைய முறையாகும். வாணிபத்தைப் பற்றிய சட்டமும் பெரும்பாலும் அம்முறையைக் கருத்திற் கொண்டே வளர்ந்தது. இன்று அந்நிலை மாறியுள்ளது. யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றில் தம் வீட்டிலிருந்தபடியே கறித்தூள் இடித்து விற்பவரும், ஒடியல்மாவும் பனங்கட்டியும் பொதிசெய்பவரும், சேலையிற் பூவேலை செய்பவரும் தம் பொருளின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து இணையத்தில் இடுகின்றனர். முன்பின் அறியாத ஒருவர் அதனைக் கண்டு பணம் அனுப்புகின்றார். பொதி அஞ்சலிற் செல்கின்றது. இதற்குக் கடையில்லை, பெயர்ப்பலகை இல்லை, ஆதலாற் சட்டமும் இல்லையெனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாணிபத்தினுள்ளே தூரம் புகுந்த ஒவ்வொரு காலத்திலும் சட்டம் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டியிருந்தது. விற்பவன் யார் என்பது ஒன்று. அவன் எப்போது, எதனைச் செய்வதாக வாக்களித்தான் என்பது மற்றொன்று. பொருள் பழுதானால் அல்லது வழியிற் போய்விட்டால் நட்டம் யாரைச் சாரும் என்பது மூன்றாவது. கடிதமும் விளம்பரமும் தந்தியச்சும் வந்தபோது எழுந்த இவ்வினாக்களே இணையம் வந்தபோதும் எழுந்தன.

சந்தைக்கு விதி செய்யும் வழக்கம் நம் தீவில் மிகப் பழையது. பதுளைத் தூண் கல்வெட்டு என வழங்கும் சாசனம் கி. பி. 10 ஆம் நூற்றாண்டில் உதய மன்னன் ஒருவன் காலத்திலே எழுந்தது. மகியங்கனைக்கு அணித்தாயிருந்த ஒபிட்டிகம என்னும் சந்தைக்கு உரிய ஒழுங்குகள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. முறையான நிறைகளையும் அளவுகளையுமே கையாள வேண்டும்; விற்பதற்கென விதித்த இடத்திலேயே விற்கவேண்டும்; போயா நாளில் வாணிபம் நடைபெறலாகாது என்பன போன்ற விதிகள் அங்கே காணப்படுகின்றன. இவ்விதிகள் யாவும் ஓர் இடத்தையும், அங்கே கண்முன் நிற்கும் வணிகனையும் குறித்தே செய்யப்பட்டன என்பது நோக்கற்பாலது. சந்தை அதிகாரி வணிகனை அறிவான். வாங்குவோனும் அவனை அறிவான். ஆகவே விற்பவன் யார் என்ற வினா அங்கே எழவில்லை.

பழைய உரோமாபுரியில் சந்தையை மேற்பார்வை செய்ய ஏடில்கள் என்னும் அதிகாரிகள் இருந்தனர். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் மறைந்த குறைகளை வெளிப்படையாகக் கூறவேண்டுமென அவர்கள் ஆணையிட்டனர். கூறாது விற்றால், வாங்கியவன் பொருளைத் திருப்பிக்கொடுத்துப் பணத்தைப் பெறலாம்; அல்லது விலையில் ஒரு பகுதியைக் குறைத்துப் பெறலாம். இவ்விதி பின்னர்ப் பொதுவாக எல்லாப் பொருள்களுக்கும் விரிந்து உரோமன் டச்சுச் சட்டத்தின் ஒரு கூறாயிற்று. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டகாலத்தில் அச்சட்டம் இங்கு வந்தது. ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தினால் அதனைத் தொடர்ந்து நிலைபெறச் செய்தனர்.

இங்கிலாந்தின் பழைய சட்டம் வாங்குவோன்மீதே பொறுப்பைச் சுமத்தியது. 1603 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும். பொற்கொல்லன் ஒருவன் ஒரு கல்லை நஞ்சுமுறிக்கும் பெசோவார்க் கல்லெனக் கூறி 100 பவுணுக்கு விற்றான். அது விலங்கின் வயிற்றில் விளைவது; நம் மருத்துவர் கையாளும் கோரோசனையை ஒத்தது. வாங்கியவன் பின்னர் அது போலியெனக் கண்டு வழக்கிட்டான். விற்றவன் அதனைப் பெசோவார் என்று கூறினானேயன்றி அதற்கு உத்தரவாதம் அளித்தானென வழக்கிற் கூறப்படவில்லை என்று சொல்லி, நீதிமன்றம் வாங்கியவனுக்குப் பரிகாரம் மறுத்தது. நேரிற் பார்த்து வாங்கியவன் கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்பதே அக்காலக் கொள்கை.

பார்க்காது வாங்கும் வழக்கம் பெருகப்பெருக இக்கொள்கை நிலைக்க முடியாதாயிற்று. 1893 இல் இங்கிலாந்திற் பொருள்கள் விற்பனைச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை அடியொற்றி இலங்கையில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. விவரணத்தைக் கொண்டு ஒரு பொருள் விற்கப்படின், பொருள் அவ்விவரணத்துக்கு ஒத்திருத்தல் வேண்டும். மாதிரியைக் காட்டி விற்றால், முழுப்பொருளும் அம்மாதிரிக்கு இசைதல் வேண்டும். அவ்வகைப் பொருளில் வாணிபஞ் செய்பவன் விவரணத்தாற் கொடுக்கும் பண்டம் விற்பனைக்குத் தகுந்த தரமுடையதாய் இருத்தல் வேண்டும். இவை எழுத்திற் சொல்லப்படாவிடினும் ஒப்பந்தத்தில் அடங்கியனவாகவே கொள்ளப்படும்.

இணையத்திற் பொருள் விற்பவருக்கு இவ்விதியே முதற்பாடம். அங்கு நடைபெறும் விற்பனை ஏறக்குறைய முழுவதும் விவரணத்தால் நடைபெறும் விற்பனையே. படத்தின்கீழ் எழுதும் இரண்டு வரிகளும் சட்டத்தின் கண்ணில் வெறும் அலங்காரம் அல்ல. தூய நல்லெண்ணெய் என்று எழுதியவர் தூய நல்லெண்ணெயே கொடுத்தல் வேண்டும். பருத்திச் சேலை என்று எழுதியவர் கலப்பு நூற்சேலையை அனுப்பிவிட்டு, படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று கூறித் தப்ப இயலாது.

இனி ஒப்பந்தம் எப்போது உண்டாகின்றது என்னும் வினாவுக்கு வருவோம். 1817 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் நாள் இங்கிலாந்தின் சென் ஐவ்ஸ் என்னும் ஊரிலிருந்த கம்பளி வணிகர், வூஸ்டர் மாகாணத்துப் புரொம்ஸ்குரோவ் என்னும் ஊரிலுள்ளவர்க்குக் கம்பளி விற்பதாகக் கடிதம் எழுதினர். மாகாணத்தின் பெயரைப் பிழையாக எழுதியமையாற் கடிதம் அலைந்து 5 ஆம் நாளே சேர்ந்தது. பெற்றவர் அன்றே சம்மதம் எழுதி அஞ்சலிற் சேர்த்தனர். அது 9 ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. விற்பவரோ மறுமொழி வரவில்லையெனக் கருதி 8 ஆம் நாளிலேயே கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டனர். சம்மதக் கடிதம் அஞ்சலிற் சேர்க்கப்பட்டபோதே ஒப்பந்தம் முற்றியதென 1818 இல் தீர்ப்பாயிற்று. அடம்ஸ் எதிர் லின்ட்செல் என வழங்கும் இவ்வழக்கே அஞ்சல்வழி ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாயிற்று.

தந்தியச்சு வந்தபின் அவ்விதி முழுவதும் பொருந்தவில்லை. 1955 ஆம் ஆண்டின் என்டோரஸ் வழக்கில், அம்ஸ்ரடாமிலிருந்து இலண்டனுக்குத் தந்தியச்சு மூலம் அனுப்பப்பட்ட சம்மதம் இலண்டனிற் பெறப்பட்டபோதே ஒப்பந்தம் உண்டானதென மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. கணத்திற் சேரும் செய்தி நேருக்கு நேர் பேசுவதை ஒக்கும் என்பதே அதன் காரணம்.

அடுக்கில் வைத்த பொருள் யாது? அது விற்போனின் முன்மொழிவா, வெறும் அழைப்பா? 1953 இல் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் இவ்வினா எழுந்தது. வாங்குவோர் தாமே எடுத்துச்செல்லும் முறையிலமைந்த கடையிற் பொருளை அடுக்கிவைத்தல் அழைப்பே. வாங்குவோன் அதனைப் பணம் பெறுமிடத்துக்குக் கொண்டுசெல்வதே முன்மொழிவு. கடைக்காரன் ஏற்றுக்கொள்ளும்போதே ஒப்பந்தம் உண்டாகின்றது எனத் தீர்ப்பாயிற்று. இணையத்திலிடும் படத்துக்கும் இக்கருத்து ஒளிதரும். பத்துச் சேலை மட்டும் கையிலிருக்க நூறுபேர் கேட்பாராயின், படத்தை இட்டதனால் மட்டும் நூறு ஒப்பந்தங்கள் உண்டாகிவிடா. ஆனால் விற்பவர் நூறுபேருக்கும் பணம் கிடைத்தது, பொருள் வரும் என மறுமொழி அனுப்பிவிட்டால் நிலைமை வேறாகும்.

விளம்பரத்தின் வாக்கு ஒருபோதும் கட்டுப்படுத்தாது என்றும் எண்ணலாகாது. 1891 ஆம் ஆண்டு நவம்பரிற் காபோலிக் புகையுருண்டை என்னும் மருந்துக்கருவியை விற்ற கம்பனியொன்று, அதனை முறைப்படி பயன்படுத்தியும் சளிச்சுரம் வந்தவர்க்கு 100 பவுண் கொடுப்பதாகப் பத்திரிகையில் விளம்பரஞ் செய்தது. தன் உண்மைக்குச் சான்றாக 1,000 பவுண் வங்கியில் வைத்திருப்பதாகவுங் கூறியது. கார்லில் என்னும் பெண்மணி அதனை வாங்கிப் பயன்படுத்தியும் நோயுற்றார். அது வெறும் புகழ்ச்சி என்ற கம்பனியின் வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 1892 இல் ஏற்கவில்லை. கம்பனி 100 பவுணைக் கொடுக்கவேண்டியதாயிற்று. இத்தனை நாளில் நரைமுடி கறுக்காவிட்டால் இருமடங்கு பணம் திருப்பித் தரப்படும் என்று எழுதும் இக்காலத்தார் அவ்வழக்கை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அஞ்சல்வழி வாணிபம் பெருந்தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவிலாகும். 1872 ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரிலே மொன்ட்கொமரி வாட் என்பவர் ஒரு தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலோடு இதனைத் தொடங்கினார். திருப்தியின்றேல் பணம் திருப்பித் தரப்படும் என 1875 இல் அந்நிறுவனம் அறிவித்தது. காணாத கடையின்மேல் நம்பிக்கை வைக்க மக்களை இணங்கச் செய்த சொல் அதுவே. அஞ்சலைக் கருவியாகக் கொண்டு மோசடி செய்வதைக் குற்றமாக்கிய சட்டமும் அந்நாட்டில் அதே 1872 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தூரத்து வாணிபமும் தூரத்து வஞ்சனையும் உடன்பிறந்தனவென்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இந்தியாவில் 1877 இல் தொடங்கிய பெறுமதி செலுத்தும் அஞ்சல், பொருள் கைக்கு வந்தபின்னரே பணம் செலுத்தும் வழியை உண்டாக்கிற்று. இன்று பொதிகொண்டுவருபவரிடம் பணங்கொடுக்கும் வழக்கம் அதன் வழித்தோன்றலே.

மூன்றாம் வினாவாகிய நட்டத்தைப் பற்றி 1896 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கூறுவதும் அறியத்தக்கது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பொருளின் உரிமை யாரிடம் உள்ளதோ அவரையே நட்டமுஞ் சாரும். வாங்குவோனுக்குச் சேர்ப்பிக்கும்படி பொருளைக் கொண்டுசெல்வோனிடம் ஒப்படைத்தல், பொதுவாக வாங்குவோனிடமே ஒப்படைத்ததற்குச் சமமாகக் கொள்ளப்படும். ஆனால் பணம் வரும்வரை உரிமையை விற்பவர் தம்மிடமே நிறுத்திவைப்பாராயின் இடரும் அவரிடமே நிற்கும். ஆகவே பொதி வழியில் உடைந்தால் யார் ஏற்பது என்பதை முன்னதாகவே ஓர் வரியில் எழுதிவிடுதல் அறிவுடைமை. அவ்வரி இல்லாதபோதே பல பிணக்குகள் தோன்றுகின்றன.

இணையம் பரவியபோது எழுந்த ஐயம் எழுத்தையும் கையொப்பத்தையும் பற்றியது. 1896 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குவோன் பொருளின் ஒரு பகுதியையேனும் ஏற்றுப் பெற்றிராவிடின், அல்லது விலையில் ஒரு பகுதியையேனும் கொடுத்திராவிடின், கையொப்பமிட்ட எழுத்துக்குறிப்பு இல்லாத விற்பனை ஒப்பந்தத்தை வழக்கிட்டு நிறைவேற்ற இயலாது. மின்திரையில் தோன்றி மறையும் சொற்கள் எழுத்தாகுமா? ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996 இல் ஒரு மாதிரிச் சட்டத்தை வெளியிட்டு, ஆகும் என்று விடை கூறியது. இலங்கை 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தினால் அவ்விடையை ஏற்றது. மின்வடிவில் இருப்பதை மட்டுமே காரணமாகக் கொண்டு ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாததெனத் தள்ளலாகாது என்பதே அதன் சாரம். இறுதி விருப்பாவணம், தத்துவப் பத்திரம், அசைவற்ற சொத்தின் விற்பனை முதலியன அதற்குப் புறம்பானவை. 2005 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் இலங்கை 2015 இல் உறுதிப்படுத்தி, 2017 இல் அதற்கேற்பத் தன் சட்டத்தைத் திருத்திற்று. இதனால் விளைவது யாதெனின், தொலைபேசியிற் பரிமாறிய குறுஞ்செய்தியும் நீதிமன்றத்திற் சான்றாகும் என்பதே. அச்சான்று விற்பவர்க்குக் காவலாகவும் அமையலாம். அவருக்கு எதிராகவும் நிற்கலாம்.

இனி முதல் வினாவாகிய விற்பவன் யார் என்பதை நோக்குவோம். முதலாம் உலகப்போர் நடைபெற்ற காலத்தில், அந்நியர் ஆங்கிலப் பெயருக்குள் மறைந்து வாணிபஞ் செய்கின்றனர் என்ற ஐயம் இங்கிலாந்தில் மிகுந்தது. 1916 ஆம் ஆண்டின் வியாபாரப் பெயர்கள் பதிவுச் சட்டம் அச்சூழலிற் பிறந்தது. அதன் வழியில் 1918 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் ஆக்கப்பட்டது. தம் சொந்தப் பெயரல்லாத பிறிதொரு பெயரில் வாணிபஞ் செய்பவர் அப்பெயரைப் பதிவு செய்தல் வேண்டும். செய்யாதவர், நீதிமன்றம் விலக்களித்தாலன்றி, அக்குறை நீங்கும்வரை அவ்வியாபாரத்தின் ஒப்பந்த உரிமைகளை வழக்கிட்டுப் பெற இயலாது. எனினும் பிறர் அவர்மேல் வழக்கிடத் தடையில்லை. இணையத்தில் அழகான பெயரொன்றைச் சூட்டிக்கொண்டு பொருள் அனுப்பியவர், பணம் வராதபோது கைகட்டி நிற்க நேருவது இதனாலேயாம். பதிவுக்குப் பிரதேச செயலகத்தை நாடினால் வழி தெரியும்.

நண்பர் இருவர் சேர்ந்து தொடங்கின் அங்கே பங்குடைமை உண்டாகின்றது. 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாற் பங்குடைமை பற்றி இங்கிலாந்தின் சட்டமே இலங்கைக்கும் உரியதாயிற்று. அதன்படி ஒரு பங்காளன் வியாபாரத்தின் பொருட்டுப் பட்ட கடனுக்கு மற்றவனும் தன் உடைமை முழுவதையுங் கொண்டு பொறுப்பாவான். மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்படின் பங்குடைமை ஒப்பந்தம் கையொப்பமிட்ட எழுத்தில் இருத்தல் வேண்டுமென 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. ஆயிரம் ரூபா இன்று ஒரு பொதிப்பெட்டிக் கட்டின் விலை. ஆகவே இக்காலத்துப் பங்காளர் ஏறக்குறைய எல்லோரும் எழுதியே தொடங்கவேண்டியவராவர். வாய்ச்சொல்லை நம்பித் தொடங்கியவர், இலாபம் வரும்போது பங்கு கேட்கவும் சான்றின்றி நிற்பார்.

வீட்டிலிருந்து விற்போரிற் பெண்கள் பலர். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசைவுள்ள பொருளைக் கணவனின் சம்மதமின்றியே கையாளலாம்; ஆனால் அசைவற்ற சொத்தைக் கையாளுதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. தன் உழைப்பாற் செய்த பண்டத்தைத் தன் விருப்பப்படி விற்கவல்ல பெண், தொழிலை விரிக்கும்பொருட்டுச் சீதன வளவை ஈடுவைக்க முற்படும்போது மட்டும் ஒரு கையொப்பத்துக்காகக் காத்துநிற்க வேண்டியவளாகின்றாள். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்துருப் பெற்ற வழமை, இன்று இணையத்தில் விற்பவளின் வாசலிலும் வந்து நிற்பதை ஈண்டுக் காண்கின்றோம். வீட்டையும் வளவையும் வியாபாரக் கடனிலிருந்து பிரித்துவைக்க விரும்புவோர்க்கு 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒரு வழியைத் திறந்துள்ளது. ஒரே பங்குதாரரைக் கொண்டும் வரையறுத்த பொறுப்புடைய கம்பனி அமைக்கலாம். எனினும் வங்கிக்குத் தம் பெயரிற் பிணைநிற்பவர் அக்காவலைத் தாமே விலக்கியவராவர்.

அண்மைக்காலச் சட்டங்கள் வாங்குவோனைத் தனித்தனியே காத்துநிற்கின்றன. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் மயக்கந்தரும் நடத்தையில் ஈடுபடுவதையும் பொய்யுரைத்து விற்பதையும் தடுக்கின்றது. வாங்குவோன் கேட்டாற் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டுமென்கின்றது. மூன்று மாதத்துள் முறையிடவும் வழிசெய்கின்றது. உணவுப் பண்டம் விற்போர் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கும் அதன்கீழ் அமைந்த பொதிச்சுட்டி ஒழுங்குகளுக்கும் அமைந்து நடத்தல் வேண்டும். பிறர் எடுத்த படத்தைத் தமதெனக் காட்டுவதும், பெயர்பெற்ற குறியை ஒத்த குறியை இடுவதும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறாகும். வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் என்பவற்றைத் திரட்டி வைப்போரின் கடமைகளை வகுக்க, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

நம்மவர் பலர் ஐரோப்பாவில் வாழ்வதால் ஒடியலும் கறித்தூளும் கடல்கடந்து செல்கின்றன. அங்கே சட்டம் இன்னும் ஒருபடி முன்சென்றுள்ளது. நேரிற் காணாது வாங்கியவர் காரணங் கூறாமலே ஒப்பந்தத்தை விட்டுவிலக 1997 ஆம் ஆண்டு நெறிமுறை குறைந்தது ஏழு வேலைநாள் அளித்தது. 2011 ஆம் ஆண்டு நெறிமுறை அதனைப் பதினான்கு நாளாக்கியது. விரைவிற் கெடும் பண்டம், வாங்குவோன் அளவுக்கெனத் தனியே செய்த பொருள் முதலியன விலக்குப் பெற்றவை. ஐரோப்பிய ஒன்றியத்து நாடொன்றில் வாழ்பவரை நோக்கி வாணிபத்தை நடத்துபவர், தம் ஊர்ச்சட்டமே செல்லும் என்று எழுதிவைத்தாலும், வாங்குவோரின் நாட்டுச் சட்டம் அவருக்கு அளிக்கும் காவலை அகற்ற முடியாது. எனவே படத்தை யார் பார்ப்பார் என்பதோடு, யாருக்கு அனுப்புகின்றோம் என்பதையும் விற்பவர் எண்ணுதல் வேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பெசோவார்க் கல்லை வாங்கியவன் ஏமாந்து திரும்பிய 1603 ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை, வாங்குவோன் கண்ணாற் காணக்கூடியது குறையக்குறைய, விற்போன் சொல்லவேண்டியதும் தாங்கவேண்டியதும் கூடிவந்துள்ளன. தூரம் சட்டத்தைத் தளர்த்தவில்லை; இறுக்கியே வந்துள்ளது. ஆதலின் கடையின்றி விற்கத் தொடங்குபவர் பெருஞ் சட்டநூல்களைக் கற்கவேண்டுவதில்லை. தம் பெயரையும் முகவரியையும் மறையாது பதிவுசெய்து வெளியிடுதல். பொருளை உள்ளவாறு விவரித்தல். ஏற்றுக்கொண்ட கட்டளைக்கும் பெற்ற பணத்துக்கும் எழுத்து வைத்தல். உடைந்தால், பிந்தினால், வேண்டாமென்றால் என்செய்வது என்பதை முன்னரே கூறுதல். பங்காளருடன் எழுதி உடன்படுதல். வரிக்கணக்கை முதல்நாள் தொட்டே பேணுதல் ஆகியவை போதும். ஐயமுள்ளவிடத்துச் சட்டத்தரணி ஒருவரை அணுகுதலும் வேண்டும்.

நம் கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவர் பலர் அரசாங்க உத்தியோகத்தையே எதிர்நோக்கியிருந்த காலம் கழிந்துவிட்டது. சிறு மூலதனத்தோடு சொந்தத் தொழிலில் இறங்குவோர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். அவர்கள் இழக்கக்கூடியது கையிலுள்ள சிறுபணம் மட்டுமன்று. பெற்றோர் ஈடுவைத்த வளவும், ஊரில் உள்ள நற்பெயருமாம். தொழில் தொடங்குமுன் வாணிபச் சட்டத்தின் முதற்பாடங்களை அறிந்துகொள்வார்களாயின் இவ்விரண்டும் காக்கப்படும். வகுப்பிற் கற்பிக்கும் வரலாறும் வர்த்தகமும் மாணவர்க்கு அவ்வகையிற் பயன்படுமாறு செய்தல் ஆசிரியர்களாகிய நம் கடனாகும்.